மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் ஏன் முடிவதில்லை?

சிகரெட் கெடுதல் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் உதிரியாக ஒன்று, இரண்டு என்று வாங்குகிறவர் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை என்பது வேறு கதை. உங்கள் கேள்வி வேறு: விட வேண்டும் என்று நினைத்தும் ஏன் விட முடியவில்லை? எப்படித்தான் விடுவது?

கார்த்திகை மாதத்தில் உங்கள் தெருவிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற ஆள், சபரிமலைக்கு மாலை போட்ட காலையிலிருந்து சிகரெட்டைத் தொடுவதில்லை. மருந்து கிடையாது, ஆலோசனை கிடையாது. 41 நாள் விரதம் அப்படியே ஓடிவிடுகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும், சில பேர் வீட்டுக்குக்கூடப் போகாமல், கடை வாசலில் நின்று பற்றவைக்கிறார்கள். (மாலையோடு மறைவாக ஊதுகிற சாமிகளும் உண்டு. அவர்களை இங்கே சேர்க்கவில்லை.)

இதில் இரண்டு புதிர் இருக்கிறது. அவ்வளவு நாள் எப்படி முடிந்தது? அவ்வளவு நாள் முடிந்த பிறகும் ஏன் திரும்பினார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், விடுவதற்கான வழியில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். புகையிலையில் இயல்பாகவே இருக்கும் பொருள் நிகோடின் (மூளையைப் பழக்கத்துக்கு ஆளாக்கும் வேதிப்பொருள்). புகையை இழுத்த ஏறக்குறைய 10 வினாடியில் அது நுரையீரலில் இருந்து ரத்தம் வழியாக மூளைக்குப் போய்விடும். அங்கே டோபமைன் (மனதுக்கு இதம் தரும் மூளைச் சுரப்பு) சுரக்கிறது. இழுத்தவுடன் வருகிற அந்த லேசான இதம் அதுதான்.

அந்த இதம் நிற்காது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மூளை மறுபடி கேட்கிறது. கை பரபரக்கிறது, எரிச்சல் வருகிறது, வேலையில் மனம் நிற்பதில்லை. அடுத்த சிகரெட்டை இழுத்ததும் எல்லாம் அடங்குகிறது.

“டென்ஷன் குறையத்தான் பிடிக்கிறேன்” என்று சொல்கிறீர்களே, அதன் உள்ளே நடப்பது இதுதான். அந்த டென்ஷனில் பெரும் பங்கு, முந்தின சிகரெட் இறங்கிப்போனதால் வந்தது. பிடிக்காதவருக்கு அந்தப் பங்கே கிடையாது. விட்டவர்களைச் சில மாதம் கழித்துக் கேட்டால், முன்பைவிட மனப் பதற்றம் குறைந்திருப்பதாகவே பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

சரி, நிறுத்தினால் உடம்பு எவ்வளவு நாள் படுத்தும்?

நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு மெல்ல இறங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே முதல் மூன்று நாளைத் தாண்டுவதுதான் உடம்பளவில் பெரிய வேலை. வீட்டில் சண்டை, ஆபீஸில் கணக்கு முடிக்கும் வாரம், பிள்ளைக்குப் பரீட்சை, இவற்றுக்கு நடுவில் அந்த மூன்று நாளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாட்களில் என்னவெல்லாம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். கோபம் சட்டென்று வரும். தூக்கம் கலையும், கனவுகள் அதிகமாகும். காரணமில்லாத சோகம் வரும். பசி கூடும். சிலருக்கு வாயில் புண் வரும். இருமல் கூடுவது பலரைக் குழப்புகிறது: “பிடித்தபோது இல்லாத இருமல் விட்ட பிறகு வருகிறதே!” மூச்சுக்குழாய்க்குள் அழுக்கைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டு. புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. அவை மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளுவதால் வருகிற இருமல் சில வாரத்தில் நின்றுவிடும். நிற்காமல் போனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று உண்டு, யாரும் வெளியில் கேட்க மாட்டார்கள். “காலையில் ஒரு தம் போட்டால்தான் வயிறு இளகும். விட்டுவிட்டால் என்ன செய்வது?” கேள்வி நியாயமானது. நிகோடின் குடலையும் தூண்டுகிறது. அதனால் முதல் சில வாரம் மலச்சிக்கல் வருவது உண்மைதான். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இரவில் வாழைப்பழம், மதியம் கீரை, கொஞ்சம் நடை. குடல் தன் நேரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். தேவைப்பட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமியைப் பத்துப் பதினைந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், தண்ணீரை மட்டும் தாராளமாகக் குடிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

காபி குடிப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியில் உள்ள கஃபீனை (தூக்கத்தை விரட்டும் பொருள்) வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் அதே நான்கு டம்ளர் காபி குடித்தாலும், ரத்தத்தில் கஃபீன் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏறக்கூடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது. “சிகரெட் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை” என்று நினைப்பீர்கள். பாதிப் பழி காபிக்குச் சேர வேண்டியது. நிறுத்துகிற நாளிலிருந்தே காபியைப் பாதியாகக் குறையுங்கள். டீ குடிப்பவருக்கும் இதேதான், அதிலும் கஃபீன் இருக்கிறது.

இனி மாலை போட்டவரிடம் திரும்புவோம். மூன்று நான்கு வாரத்தில் உடம்பின் கேட்பு அடங்கிவிடும் என்றால், 41 நாள் முடிந்தவரின் உடம்பில் நிகோடினுக்கான தொல்லை ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்க வேண்டும். அப்படியும் ஏன் பற்றவைத்தார்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு. நாளுக்குப் பத்து சிகரெட் என்றால் 100 இழுப்பு, வருடத்துக்கு 36,500. ஒவ்வொரு இழுப்பும் ஓர் இடத்தோடு, ஒரு மணியோடு, ஒரு ஆளோடு சேர்ந்தே மூளையில் பதிந்திருக்கிறது. டீ கிளாஸ் கையில் வந்ததும், சாப்பிட்டுக் கை கழுவியதும், பஸ் வர நேரமானதும், போனில் மேலாளர் திட்டி முடித்ததும் மூளை கேட்பது இந்தப் பதிவினால்தான். நிகோடின் வெளியேறிவிட்டாலும் பதிவு அங்கேயே இருக்கும். விரத நாளில் அது அழிவதில்லை, கிளறப்படாமல் கிடக்கிறது.

அப்படியானால் அந்த 41 நாளும் ஆசையே வரவில்லையா? வந்திருக்கும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு வந்திருக்காது. இதைக் காட்ட ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள், சிகரெட் பிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் பறக்கும்போது எவ்வளவு ஆசை வருகிறது என்று கேட்டுப் பதிந்தார்கள். 2010-ல் வெளிவந்த அந்த ஆய்வில் சில பயணங்கள் 3 முதல் 5½ மணி நேரம், சில 10 மணி நேரத்துக்கும் மேல். ஆசை ஏறியது நிகோடின் இறங்கிய கணக்கில் இல்லை, தரையிறங்கும் நேரம் நெருங்கிய கணக்கில். குறுகிய பயணம் முடிகிறபோது இருந்த ஆசை, நீண்ட பயணத்தில் அதே மணி நேரம் கழிந்தபோது இல்லை.

அதாவது, “இப்போது கிடைக்கும்” என்று தெரிந்தால்தான் மூளை உரக்கக் கேட்கிறது. கிடைக்கவே கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அடங்கிப்போகிறது. மாலை போட்டவருக்கு 41 நாளும் விமானத்தில் இருக்கிற மாதிரி. மாலை கழற்றும் நாள் தரையிறங்கும் நாள். நோன்பு வைப்பவர்கள் பகல் முழுக்கச் சமாளித்துவிட்டு நோன்பு திறந்ததும் தேடுவதும் இதே கணக்குதான்.

விரதம் இதையெல்லாம் எப்படிச் சாதிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், உங்களுக்கே ஒரு திட்டம் கிடைத்துவிடும். நாள் குறிக்கப்படுகிறது. ஊருக்கே தெரிகிறது. நேற்று வரை “மச்சி, வாடா” என்றவன் இன்று “சாமி” என்கிறான், சாமிக்கு யாரும் சிகரெட் நீட்டுவதில்லை. மதுவும் சேர்ந்தே நிற்கிறது. விடிவதற்கு முன் குளியல், இரண்டு வேளை பூஜை என்று நாளின் ஒழுங்கே மாறிவிடுகிறது, பழைய நேரமும் பழைய இடமும் கைவிட்டுப் போகின்றன. “ஒன்றே ஒன்று” என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தச் சிகிச்சை மையத்துக்குப் போனாலும் இவற்றைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார்கள். விரதத்தில் ஒரே ஒரு குறை: முடிகிற நாள் தெரியும்.

ஆகவே விரதக்காரருக்கு முதல் யோசனை. அடுத்த முறை மாலை போடுகிறீர்களா? கழற்றிய மறுநாளுக்கும் இப்போதே திட்டம் போடுங்கள். உடம்பின் வேலையை 41 நாள் முடித்துக் கொடுத்துவிட்டது. அதை ஒரு டீயோடு வீணாக்கலாமா? மாலை போடாதவர்களுக்கு, விரதத்தின் சரக்கை எடுத்துக்கொண்டு முடிவு நாளை மட்டும் நீக்கிவிடுவதுதான் வழி.

எங்கிருந்து தொடங்குவது? இன்னும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை எப்போதும் போலப் பிடியுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எங்கே, எதன் பிறகு, யாரோடு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறியுங்கள். மூன்று நாள் எழுதினாலே போதும். பத்தில் ஏழு, மூன்றே மூன்று சந்தர்ப்பங்களில் வந்து விழுவதைப் பார்ப்பீர்கள். அந்த மூன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்வதுதான் வேலை, “மனதைக் கல்லாக்கிக்கொள்வது” அல்ல.

டீக்கடையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான சிகரெட் அங்கேதான் எரிகிறது. டீயை விடச் சொல்லவில்லை. முதல் ஒரு மாதம் கடையை மாற்றுங்கள், அல்லது சிகரெட் விற்காத பேக்கரியில் குடியுங்கள். பழைய கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால், கடைக்காரரிடம் “அண்ணே, நான் விட்டுட்டேன், கேட்டாலும் குடுக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வார். நின்று குடித்த டீயை உட்கார்ந்து குடியுங்கள். சிகரெட் பிடித்த கையில் கிளாஸைப் பிடியுங்கள். சின்ன மாற்றம்தான், பழைய பதிவோடு பொருந்தாமல் போவதற்கு இது உதவும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஆசைக்கு, எழுந்ததும் பல் தேய்ப்பது நல்ல தடை. சோம்பு, ஏலக்காய், கிராம்பு ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடக்கலாம். ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். “பிடிக்கவே மாட்டேன்” என்று அதோடு மல்லுக்கட்டாமல், “இந்த அஞ்சு நிமிஷம் மட்டும் வேண்டாம்” என்று தள்ளிப்போடுங்கள்.

மதுவைப் பற்றி நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. பல வாரம் விட்டவர் மறுபடி பிடித்த கதைகளைக் கேட்டால், அதில் அடிக்கடி ஒரு பாட்டில் நிற்கும். போதையில் உறுதி தளர்கிறது, பக்கத்தில் எல்லோரும் ஊதுகிறார்கள், கையில் ஒன்று வந்துவிடுகிறது. முதல் இரண்டு மாதம் அந்த மேஜைக்கே போகாதீர்கள். “நான் குடிப்பேன், சிகரெட் மட்டும் தொடமாட்டேன்” என்பவர்களில் பலர் தொட்டிருக்கிறார்கள்.

“ஒரேயடியாக விடுவதா, ஒவ்வொன்றாகக் குறைப்பதா?” இரண்டாவதுதான் எளிது என்று தோன்றும். பிரிட்டனில் சுமார் 700 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. குறித்த நாளில் சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் பிடிக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். குறைக்கிறபோது ஒவ்வொரு சிகரெட்டின் மதிப்பும் ஏறிவிடுகிறது, நாள் முழுக்க அடுத்ததையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருந்தாலும் சட்டென்று நிறுத்தப் பயமாக இருந்தால், குறைத்தே தொடங்குங்கள். ஆனால் பூஜ்யம் ஆகும் தேதியைக் குறிக்காமல் குறைக்காதீர்கள்.

மருந்து எதுவும் வேண்டாம், மன உறுதி போதும் என்று நினைக்கிறீர்களா? எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். பலமுறை முயன்றும் நடக்கவில்லையே என்று உங்களையே நொந்துகொண்டிருந்தால், இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் குறை எதுவும் இல்லை, வழியில்தான் குறை.

எளிதில் கிடைக்கும் உதவி நிகோடின் சூயிங்கம். இதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். 2 மில்லிகிராம் வகைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை, 4 மில்லிகிராமுக்குத் தேவை. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவருக்குப் பொதுவாக 4 தேவைப்படும், மற்றவருக்கு 2 போதும். இது வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது.

ஆனால் இதைச் சாதாரண பபுள்கம் போல மென்றால் வேலைக்கு ஆகாது, விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். “எனக்கு ஒத்துக்கவே இல்லை” என்று தூக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் இப்படி மென்றவர்கள்தான். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். வாயில் மிளகு மாதிரி சுருக்கென்று உறைக்கும். அப்போது நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். உறைப்பு போனதும் மறுபடி சில மெல்லல், மறுபடி ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் பயனில்லை. டீ, காபி, பழச்சாறு குடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகே வாயில் போடுங்கள். அந்தப் புளிப்புத்தன்மை உள்ளே ஏறவிடாது.

“அதிலும் நிகோடின்தானே, ஒரு அடிமைத்தனம் போய் இன்னொன்றா?” நல்ல சந்தேகம். சிகரெட்டில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் எரிவதால் வருகிற தாரும் (புகையில் வரும் பிசுபிசுப்பான கரி) கார்பன் மோனாக்சைடும்தான் (ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நச்சு வாயு). சூயிங்கத்தில் அவை இல்லை. நிகோடினும் மெதுவாக ஏறுவதால் அந்த 10 வினாடி இதம் வராது, அதனால் பழக்கம் ஒட்டுவதும் குறைவு. முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதன்பின் குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாதத்தில் நிறுத்துவது வழக்கம். கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் உண்டு, அதையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது தனியாக ஒன்றைப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தரும். மாத்திரைகளும் இருக்கின்றன: வரெனிக்ளின், புப்ரோபியான். இவற்றை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். வரெனிக்ளினை வழக்கமாக நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவார்கள். அது மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வதால், நடுவில் பிடித்தாலும் ருசிக்காது.

இதற்கு மாற்றாகப் பலர் பிடிக்கிற குறுக்கு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “லைட்” சிகரெட்டில் வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகள் இருக்கும், நீங்கள் ஆழமாக இழுத்து அதை ஈடுகட்டிவிடுவீர்கள். பீடியில் சுற்றியிருப்பது இலைதானே என்று நினைக்க வேண்டாம், அதிலும் எரிவது புகையிலை, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டும். மின்சிகரெட்டுக்கு 2019 முதல் இந்தியாவில் தடை. வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது, நுரையீரலைக் காப்பாற்றி வாயைப் பலி கொடுப்பது.

“நான் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். அதற்குமா?” இதய நோயைப் பொறுத்தவரை, ஆமாம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் பாதி அளவு கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு விடுவது சுலபம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

“இத்தனை வருஷம் பிடித்தாகிவிட்டது. இனிமேல் விட்டு என்ன?” இந்தக் கேள்விக்கு இருக்கிற விடை, சிகரெட் பற்றிய விஷயங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனில் 1951-ல் ஆயிரக்கணக்கான மருத்துவர்களிடம் அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்து, ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்தார்கள். விடாமல் பிடித்தவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 40-ல் விட்டவர்களுக்கு 9 வருடம், 50-ல் விட்டவர்களுக்கு 6, 60-ல் விட்டவர்களுக்குக்கூட 3. ஓய்வு பெற்ற பிறகு விட்டாலும், பேரன் பள்ளியில் மூன்று வகுப்பு ஏறுவதைப் பார்க்கிற காலம் அது.

அவ்வளவு தூரம் காத்திருக்கவும் வேண்டாம். ஓரிரு நாளில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வந்துவிடும். சில நாளில் ரசத்தின் மணம் தெரியும். ஒரு வருடத்தில் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து பாதியாகும். ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்துப் பிடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், வருடம் 73,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தைத் தினமும் தனி டப்பாவில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது.

எடை கூடுமா? கூடும். முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். சிகரெட்டுக்குப் பதில் மிக்சரும் பஜ்ஜியும் கைக்கு வருவது ஒரு காரணம். வெள்ளரி, கேரட், வறுத்த கடலை என்று மாற்றிப் பாருங்கள். ஆனால் முதல் மூன்று மாதத்தில் எடைக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். பசியும் சிகரெட் ஆசையும் ஒன்றுசேர்ந்தால் இரண்டில் ஒன்று உங்களைத் தோற்கடிக்கும். ஒரு சண்டையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

வேறு மாத்திரை சாப்பிடுகிறவரா? நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கஃபீனுக்குச் சொன்னது சில மருந்துகளுக்கும் பொருந்தும்: ஒலான்சபின், குளோசபின் போன்ற மனநல மாத்திரைகள், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின். நிறுத்திய பிறகு இவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையை முன்பைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நான் பிடிப்பதே வீட்டுக்குத் தெரியாது. விடுகிறேன் என்று யாரிடம் சொல்வது?” நம் ஊரில் முப்பது வயதுக்காரர்கூட அப்பாவைக் கண்டால் சிகரெட்டைக் காலில் போட்டு மிதிப்பவர்தான். பெண்களுக்கு இது இன்னும் இறுக்கமான ரகசியம். வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் ஒருவருக்காவது சொல்லுங்கள். கூடவே பிடித்த நண்பரிடம் சொல்வது நல்லது, ஏனென்றால் நீட்டப்போவது அவர்தான்.

முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுதான் வசதி என்றால், அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. 2018 முதல் பாக்கெட்டிலேயே இதை அச்சடிக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். எத்தனை பிடிக்கிறீர்கள், எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், முன்பு எப்போது விட முயன்றீர்கள் என்று கேட்டு, நாள் குறிக்க உதவுவார்கள். நேரில் பார்க்க விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். “மனநலமா, எனக்கா?” என்று தயங்காதீர்கள், பழக்கத்தை விடுவிக்கும் வேலையும் அவர்களுடையதுதான். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கென ஆலோசனை உண்டு. அதற்குப் புற்றுநோய் வந்திருக்க வேண்டியதில்லை.

நாற்பது நாள் விட்டுவிட்டு, ஒரு சாவு வீட்டில், ராத்திரி கண்விழிக்கையில் ஒன்று பிடித்துவிட்டீர்கள். இப்போது என்ன? பலர் இங்கேதான் “எல்லாம் போச்சு” என்று மறுநாள் பாக்கெட்டே வாங்குகிறார்கள். அந்த ஒன்றால் நாற்பது நாள் அழிவதில்லை. ஆனால் அதே இடத்தில் இரண்டாவது வந்தால் பழைய பாதை திறந்துகொள்ளும். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்தைவிட்டு எழுந்து போங்கள். மறுநாள் காலை, எந்தச் சந்தர்ப்பம் உங்கள் பட்டியலில் இல்லாமல் போனது என்று பார்த்து அதையும் எழுதிச் சேருங்கள். சாவு வீடு, கல்யாண மண்டபத்து மொட்டை மாடி, பழைய கல்லூரி நண்பர்கள் கூடும் நாள், இவை வருடத்துக்குச் சில தடவையே வருவதால் பட்டியலில் விட்டுப்போகும்.

கடைசியாக, இதைப் படிப்பவர் பிடிப்பவரின் மனைவியாகவோ, அம்மாவாகவோ, அக்காவாகவோ இருக்கலாம். சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். “பார்க்கலாம், எத்தனை நாளைக்கு” என்று சொல்லாதீர்கள். முதல் வாரம் அவர் எரிந்து விழுவார், “இதுக்கு நீ பிடிச்சே தொலைச்சிருக்கலாம்” என்று வாய்வரை வரும், அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். காபியைப் பாதி டம்ளராக்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் வாசல் பக்கம் நகர்கிற நேரத்தில், கடையில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி நீங்களும் கூடவே நடந்துவிட்டு வாருங்கள். சிகரெட் விற்காத கடையாகப் பார்த்து.